அரை நாள் யார் கணக்கில்?

நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரத்துக்கு இரண்டு பெருமை. நம்மாழ்வாரின் தாயார் உடையநங்கை பிறந்த ஊர் என்பது ஒன்று. மற்றது நெல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே உருவாக்கிய ரகங்கள் ஊர்ப்பெயரின் சுருக்கத்தைச் சுமந்துகொண்டு டிபிஎஸ் 3, டிபிஎஸ் 5 என்று வயலுக்குப் போயின. அதே ஊரில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. விதைநெல் கேட்டு வரும் விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தில் அவை வேறு வேறு குடும்பங்கள்.

வேளாண் அறிவியல் நிலையம் என்ற அமைப்பு நாட்டிலேயே முதன்முதலாக 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பை அன்று ஏற்றது கோயம்புத்தூரில் உள்ள அதே வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். ஏற்பாடு இது: பணம் முழுவதும் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தினுடையது; ஆட்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். ஒரு நிலையத்துக்குத் தலைவர், ஆறு பாட வல்லுநர்கள், பண்ணை மேலாளர், ஓட்டுநர் என்று மொத்தம் 16 பணியிடங்கள். அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்கள் இன்னொரு வகை. 1957இல் மக்காச்சோளத்தில் தொடங்கிய இந்தத் திட்டங்களில் மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ள மையங்களுக்கு 75 சதவீதம் டெல்லியும் 25 சதவீதம் மாநிலமும் தருகின்றன. ஆக, இந்த மையங்களில் வேலை பார்க்கும் விஞ்ஞானியின் சம்பளத்தில் நாலில் மூன்று பங்கு ஓரிடத்திலிருந்தும் ஒரு பங்கு மற்றோரிடத்திலிருந்தும் வருகிறது. உத்தரவுகளோ இரண்டிடத்திலிருந்தும் முழுதாகவே வருகின்றன. மாவட்ட ஆட்சியர் கூட்டுகிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும். பல்கலைக்கழகம் வகுப்பெடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். சம்பளத்தை எழுபத்தைந்துக்கு இருபத்தைந்து என்று பிரித்தவர்கள் அந்த ஆளின் திங்கள்கிழமையைப் பிரித்துத் தரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் திங்கள்கிழமையைப் பற்றியது. ஒருவர் இரண்டு நிறுவனங்களுக்கு உழைக்கிறார், அவர் பெயரில் ஆய்வு நல்கையும் இருக்கிறது என்றால் அவருடைய நேரத்தை யார், எந்த அளவுகோலால் அளப்பது? கேட்பதற்கு அலுவலகச் சிக்கல் போலத் தோன்றும். அமெரிக்காவில் இதற்காகப் பல்கலைக்கழகங்கள் கோடிக்கணக்கில் பணம் கட்டியிருக்கின்றன. நம்மூரில் இதற்கு ஒரு கட்டம்கூடப் படிவத்தில் கிடையாது. இரண்டு நிலைமைக்கும் காரணம் ஒன்றுதான் என்று பல வருடம் கல்லூரி அலுவலகத்தில் ஆய்வுத் திட்டக் கோப்புகளைக் கட்டி அவிழ்த்த எனக்குப் படுகிறது.

கோப்பைத் திறந்தே காட்டலாம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நல்கை பெற்றவர் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்கின்றன. படிவத்தின் எண் 12-ஏ. அலுவலகத்தில் அதை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'யூசி' என்றால் போதும். தொடக்க இருப்பு, வந்த தொகை, வட்டி, செலவு, மிச்சம் என்று அது ரூபாயைக் கடைசிக் காசுவரை துரத்தும். கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்கே செலவானது என்று முதல்வரும் நிதி அலுவலரும் கையெழுத்துப் போடுவார்கள். வேதிப்பொருள் வாங்கிய பில், உதவியாளர் சம்பளம், பயணப்படி எல்லாம் அதில் உண்டு. முதன்மை ஆய்வாளர் மட்டும் இல்லை. ஆய்வைச் செய்கிற ஆள் அந்தத் தாளில் ஒரு கையெழுத்தாக மட்டுமே இருக்கிறார்.

ஏன் என்றால், நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியரின் சம்பளத்தை நம்மூரில் நல்கையில் எழுதுவதில்லை. குமரி மாவட்டத்து அரசு உதவிபெறும் கல்லூரிகள் எதை எடுத்தாலும் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். அந்த நியமனத்துக்குத் தகுதி ஒப்புதல் தருவது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். சம்பளம் தருவது தமிழக அரசு. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் மாணவர் பல்கலைக்கழகத்தின் மாணவர். ஆய்வுப் பணம் வருவது டெல்லியிலிருந்து. நான்கு வாசல் உள்ள வீடு. டெல்லிக்காரருக்கு ஆய்வாளரின் நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு யார் கணக்கு வைப்பார்கள்?

சில விண்ணப்பங்களில் 'இத்திட்டத்துக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள்' என்று ஒரு கேள்வி இருக்கும். நான் பார்த்தவரை அந்தக் கட்டத்தைக் கடைசி நாள் இரவில்தான் நிரப்புவார்கள். பத்து என்று போட்டால் குறைவாகத் தெரியுமோ என்று பதினைந்தாக்குவார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்துக்கு இதே கட்டத்தில் என்ன எழுதினோம் என்று யாரும் பழைய கோப்பை எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பதினைந்தை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக் கூடாது. இதில் உதவிப் பேராசிரியர் 16 மணி நேரமும் அவருக்கு மேலே உள்ளவர்கள் 14 மணி நேரமும் நேரடியாக வகுப்பில் நிற்க வேண்டும். ஆய்வுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் ஒதுக்கலாம் என்று 2010ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. பதினாறு மணி நேர வகுப்புக்குத் தயாரிக்க இன்னொரு பதினாறு என்றால் முப்பத்திரண்டு. விடைத்தாள், உள்மதிப்பீடு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்பு, விளையாட்டு விழாப் பந்தல் எல்லாம் மிச்சம் எட்டுக்குள். இதில் ஒரு திட்டத்துக்குப் பதினைந்து, இன்னொன்றில் இணை ஆய்வாளராகப் பத்து, ஆய்வு மாணவர் நால்வர். நாற்பது எப்போதோ தாண்டிவிட்டது. தாண்டிய பகுதியை யார் கொடுக்கிறார்கள் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியை கடல்நீர் ஆய்வு செய்தார். தன் கல்லூரியில் ஒரு திட்டம், வேறொரு நிறுவனத்தின் கடலோர மையத்தோடு சேர்ந்து இன்னொன்று. மாதிரி எடுக்கும் நாளில் காலை ஐந்து மணிக்குக் கரையில் நிற்பார். வள்ளம் பிடித்து உள்ளே போய்ப் பாட்டில்களில் நீரை எடுத்து, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, கரையேறி பஸ் பிடித்து ஒன்பதே முக்காலுக்குக் கல்லூரிக்குள் வந்துவிடுவார். பெட்டியை ஆய்வகத்தில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தால் மீன்சந்தை வாசம் கூடவே வரும். பத்து மணிக்கு முதல் வகுப்பு. வெளிவேலைக்குப் போனால் எழுதிக்கொடுக்க 'ஓ.டி.' என்று ஒரு சலுகை உண்டு. வகுப்பு தவறினால்தான் அது தேவை. அவர் ஒரு வகுப்பும் தவறியதில்லை, அதனால் ஓ.டி. எடுத்ததுமில்லை. நம் கல்லூரிகளில் ஆய்வாளரின் நேரத்துக்கு இருக்கும் ஒரே ஆவணம் ஓ.டி. பதிவேடுதான். அதில் அவர் பெயர் இல்லை. ஐந்து மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே அவர் எங்கேயும் இல்லை.

இது புதிதா என்றால் இல்லை. இந்த மண்ணில் ஆராய்ச்சி தொடங்கியதே இப்படித்தான். மனோன்மணியம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். நடுவே திருவிதாங்கூர் அரசில் பிறவகைச் சிரஸ்தார் என்ற வருவாய்த்துறைப் பதவியையும் பார்த்தவர். கல்வெட்டு அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை இல்லை. ஆனாலும் தெற்குத் திருவிதாங்கூர்க் கோயில்களிலும் ஊர்களிலும் கிடைத்த கல்வெட்டுகளைப் படித்து 1894இல் வேணாட்டு மன்னர்களின் கால வரிசையை நிறுவினார். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மணலிக்கரையின் கல்வெட்டு, கொல்லம் 411, அதாவது 1236 வாக்கில் வெட்டப்பட்டது. அரசனின் ஆட்களும் ஊர்ச் சபையும் கூடி வரி வசூலுக்கு வரம்பு கட்டிய செய்தியைச் சொல்வது. அதன் அருமையை உலகுக்குச் சொன்னவர் அவர். நாற்பத்திரண்டு வயதில், 1897இல் இறந்துபோனார். அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தில்தான் இன்று குமரி மாவட்டத்து ஆய்வாளர்கள் பதிவு செய்கிறார்கள்.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இதே வழி. 1931இல் ஓய்வு பெறும்வரை ஆசிரியர் வேலை. கூடவே அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைப் படித்து வெளியிட்டது, காந்தளூர்ச்சாலை பற்றி ஆங்கிலத்தில் எழுதியது எல்லாம் சம்பளத்துக்கு வெளியே செய்த வேலை. இவர்களை நாம் 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லால் கும்பிட்டு ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கணக்கில் எழுதாமல் விட்ட உழைப்புக்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

இதே மாவட்டத்து நெய்யூரின் கதை வேறுமாதிரி. லண்டன் மிஷன் மருத்துவமனையில் 1923 முதல் அறுவை மருத்துவராக இருந்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஏறியவர். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு லண்டனில் காத்திருந்த வேலையை உதறியவர். மிஷனில் சேர்ந்த மறுவருடமே அடுத்த எவரெஸ்ட் பயணம். நெய்யூரிலிருந்து விடுப்பில் போனார். பயணத்தின் செலவு லண்டனில் புவியியல் சங்கமும் ஆல்பைன் கிளப்பும் சேர்ந்து அமைத்த குழுவினுடையது. 1924 ஜூன் 4 அன்று ஆக்ஸிஜன் இல்லாமல் 28,000 அடி அளவுக்கு ஏறி, தொண்டை உறைந்து மூச்சடைக்கத் திரும்பினார். அதே பயணத்தில் ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் மனித நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்றைச் சேகரித்தார். 1925இல் பிரிட்டனின் உடலியங்கியல் இதழில் அது கட்டுரையாக வந்தது.

இந்தக் கட்டுரையை யாருடைய கணக்கில் எழுதுவது? சம்பளம் தந்தது மிஷன். மலைக்குக் கூட்டிப்போனது எவரெஸ்ட் குழு. அவர் இல்லாத மாதங்களில் நெய்யூரில் நோயாளிகளைச் சமாளித்தவர்கள் வேறு சக ஊழியர்கள். கட்டுரை அடிக்குறிப்பில் பெயர் வராத அவர்களுடைய கூடுதல் உழைப்பும் அந்தச் சில பக்கத்துக்குள் இருக்கிறது. கூட்டு நியமனத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாம் ஆளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் இரண்டு இடத்தில் இருக்கும்போது அவர் இல்லாத இடத்தில் யாரோ ஒருவர் இரண்டு ஆளாக இருக்கிறார்.

சாமர்வெல் அந்தக் காற்றை ரப்பர்ப் பைகளில் அடைத்துக் கீழே கொண்டுவந்தார். கார்பன் டை ஆக்ஸைடு ரப்பர் வழியாகக் கசியும் என்பதால் அந்த அளவுகளை நம்ப முடியாது என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். பிறகு அவர் தென் திருவிதாங்கூரில் ஏராளமாகக் காணப்பட்ட முன்சிறுகுடல் புண்ணைப் பற்றி, நெய்யூர் அறுவைக்கூடத்து அனுபவத்தை வைத்து, ஓர் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு விடுப்பும் வேண்டியிருக்கவில்லை, குழுவும் வேண்டியிருக்கவில்லை. வேலையும் ஆய்வும் ஒரே மேசைமேல் நடந்தன. எவரெஸ்ட் கட்டுரைக்கு எழுந்த கேள்வி இதற்கு எழவே இல்லை.

அமெரிக்காவில் கேள்வி எழுந்ததற்குக் காரணம் பணம். அங்கே பல மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் தன் சம்பளத்தில் பெரும்பங்கை நல்கையிலிருந்து தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். தேசிய சுகாதார நிறுவனத்தின் நல்கையில் தன் உழைப்பில் முப்பது சதவீதம் என்று எழுதினால் சம்பளத்திலும் முப்பது சதவீதம் அங்கிருந்து வரும். அரசு பணம் தருவதால் அரசு சரிபார்க்கும். எனவே உழைப்புச் சான்று என்று ஒரு தாள் பிறந்தது. ஒவ்வொரு பருவமும் முடிந்ததும், என் உழைப்பு இன்னின்ன திட்டத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இதில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆய்வாளர்களின் உழைப்பை மிகைப்படுத்திக் காட்டியது என்ற புகாரில் 2003இல் 55 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. யேல் பல்கலைக்கழகம் 2008இல் 76 லட்சம் டாலர் கட்டியது. கோடை மாதங்களில் முழுச் சம்பளத்தையும் நல்கையில் எழுதிவிட்டு ஆய்வாளர்கள் வேறு வேலையும் பார்த்தார்கள் என்பது அங்கே வந்த புகார்களில் ஒன்று.

சதவீதத்தில் ஒரு பெரிய பொத்தல் உண்டு. வாரத்தில் நாற்பது மணி நேரம் உழைத்தாலும் நூறு சதவீதம், எழுபது மணி நேரம் உழைத்தாலும் நூறு சதவீதம். இருபது சதவீதம் என்பது முதல் ஆளுக்கு எட்டு மணி, இரண்டாம் ஆளுக்குப் பதினான்கு. ஒரே நிறுவனத்தில் இருக்கும்வரை இந்தக் குழறுபடி வெளியே தெரியாது. இரண்டு நிறுவனம் வந்ததும் பல்லைக் காட்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து வேலை பார்க்கும் மருத்துவ ஆய்வாளர்கள் ஏராளம். படைவீரர் மருத்துவமனையில் பகுதி நேர வேலையை எட்டில் இத்தனை பங்கு என்று எண்ணும் வழக்கம் உண்டு. எட்டில் ஐந்து என்றால் வாரத்துக்கு இருபத்தைந்து மணி. அதே ஆள் பல்கலைக்கழகத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு நல்கைக்கு இருபது சதவீதம் என்று எழுதுகிறார். பல்கலைக்கழகத்து முப்பத்தைந்தில் இருபது சதவீதம் என்றால் ஏழு மணி. மொத்த அறுபதில் என்றால் பன்னிரண்டு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் எங்கே போனது என்று கேட்டால் இரண்டு நிறுவனமுமே அதனதன் கணக்கில் சரி.

இதனால்தான் இந்த இரட்டை வேலைக்காரர்களுக்கு நல்கை தருமுன் இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அங்கே கேட்கிறார்கள். எந்த இடத்தில் என்ன பதவி, என்ன பொறுப்பு, எத்தனை நேரம், ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். பேச்சிப்பாறை அணை 1906இல் வந்ததிலிருந்து கால்வாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்ட அனுபவம் அவருக்கு உண்டு. தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம். இன்ன கால்வாய்க்கு இத்தனை நாள். உன் வயலுக்கு மடையில் பாதி என்று சொல்லி யாரையும் ஏமாற்ற முடியாது. அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. ஆய்வாளரின் அணையில் எத்தனை அடி என்பதை இரண்டு நிறுவனமும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ளாதவரை சதவீதம் எதற்கும் உதவாது.

ஐரோப்பிய ஒன்றியம் கணக்கு வைப்பது சதவீதத்தில் இல்லை, நாளில். அதன் இப்போதைய ஆய்வுத் திட்டங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 215 நாள். எத்தனை திட்டத்தில் பெயர் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவும் 2014 டிசம்பரில் வந்த புதிய விதிகளில் சான்றுத் தாளைக் கட்டாயமாக்காமல், உண்மையில் நடந்த வேலையைக் காட்டும் பதிவு இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து போடும் சதவீதக் கையெழுத்து பெரும்பாலும் கற்பனை இலக்கியம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கூட்டு நியமனத்தின் அசட்டுத்தனம் உச்சிக்குப் போனது ஹார்வர்டு வேதியியலாளர் சார்லஸ் லீபர் வழக்கில். சீனத்தின் வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு அவர் போட்டிருந்த ஒப்பந்தத்தில் மாதம் 50,000 டாலர்வரை ஊதியம். ஆண்டில் ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் உழைக்க வேண்டும் என்றும் இருந்ததாக அமெரிக்க அரசுத் தரப்பு சொன்னது. ஹார்வர்டில் முழுநேர வேலை. பன்னிரண்டும் ஒன்பதும் இருபத்தொன்று. வருடத்துக்கு இருபத்தொரு மாதம்! அரசிடம் அதை மறைத்ததற்கும் வரிக் கணக்கில் விட்டதற்கும் 2021 டிசம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறையில் ஏற்கெனவே கழித்த இரண்டு நாளும் ஆறு மாத வீட்டுக்காவலும் அபராதமும் தண்டனை. மாதங்களைக் கூட்டிப் பார்க்க ஒரு குமாஸ்தா இருந்திருந்தால் நடந்திருக்காது என்று தோன்றுகிறது. என் தொழில் அபிமானமாகவும் இருக்கலாம்.

நம் நாட்டிலும் நேரத்தை விலைபேசும் திட்டங்கள் இரண்டு உண்டு. 2017இல் தொடங்கிய வஜ்ரா திட்டம் வெளிநாட்டு விஞ்ஞானியை ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் இங்கே அழைக்கிறது. முதல் மாதத்துக்கு 15,000 டாலர், அடுத்த மாதங்களுக்குப் பத்தாயிரம் வீதம். 2023இல் வந்த வைபவ் திட்டம் வெளிநாடுவாழ் இந்திய விஞ்ஞானிக்கு மாதம் நான்கு லட்சம் ரூபாய் வீதம் ஆண்டில் ஓரிரண்டு மாதம். கடல்கடந்து வருபவரின் மாதத்துக்கு விலை தெரிகிற அரசுக்கு, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானி அதே சம்பளத்தில் அறிவியல் புத்தாக்க ஆய்வு அகாதெமியின் பேராசிரியராகவும் இருக்கும்போது அவருடைய மாதத்தின் விலை தெரியவில்லை.

விலையே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 1922ஆம் ஆண்டின் அடிப்படை விதிகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், வெள்ளைக்காரன் எழுதிய அந்த விதிகளில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அயற்பணி. ஓர் ஊழியரை வேறு நிறுவனம் இரவல் வாங்கினால் சம்பளத்தோடு அவருடைய ஓய்வூதியத்துக்கும் விடுப்புச் சம்பளத்துக்குமான பங்கையும் வாங்கியவர் தாய்த்துறைக்குக் கட்ட வேண்டும். ஒரு மனிதனின் நேரம் என்பது இன்றைய பொழுது மட்டும் இல்லை, அவனுடைய முதுமையில் ஒரு துண்டும் அதில் சேர்ந்து போகிறது என்று அந்த விதியை எழுதியவருக்குப் புரிந்திருக்கிறது. நான் படித்த அலுவலக விதிகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. ஆனால் அது முழு ஆளை இரவல் கொடுப்பதற்கு. வாரத்தில் இரண்டு நாளை இரவல் கொடுக்க நம் கல்லூரிகளில் யாரும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. மற்றது விதி 49, இரண்டு பதவிகளைச் சேர்த்துப் பார்ப்பது. நாம் 'கூடுதல் பொறுப்பு' என்கிறோம். மத்திய அரசின் கணக்கில், 45 நாளைத் தாண்டினால் இரண்டாவது பதவியின் ஊதியத்தில் பத்து சதவீதம் வரை தரலாம். அதுவும் மூன்று மாதத்துக்குத்தான். இரண்டாவது நாற்காலியின் விலை பத்து சதவீதம். நாற்பத்தைந்து நாளுக்குள் முடிந்தால் அதுவும் இனாம்.

நேரத்தை அளக்கும்போது வேளாண் ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. குமரி மாவட்டத்தில் நெல்லுக்கு இரண்டு போகம், கன்னிப்பூவும் கும்பப்பூவும். நாற்று விடும் நாளும் கதிர் அறுக்கும் நாளும் ஆராய்ச்சி வயலுக்கும் விவசாயி வயலில் போடும் செயல்விளக்கத் திடலுக்கும் ஒரே வாரத்தில்தான் வரும். இரண்டு பொறுப்பு உள்ளவருக்கு ஆண்டு முழுக்கச் சராசரி போட்டால் ஐம்பதுக்கு ஐம்பது அழகாக வரும். அறுவடை வாரத்தில் அவருக்கு வேண்டியது நூறும் நூறும். நடு மாதங்களில் இரண்டிடத்திலும் கேட்பாரில்லை. ஆண்டுச் சதவீதத்தை ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள் கூடவே ஒரு பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்: இன்ன வாரம் இன்ன வயலுக்கு, அந்த வாரத்தில் மற்றவர் கூப்பிடக் கூடாது. மோதுகிற வாரத்தில் யார் சொல் செல்லும் என்பதையும் பெயர் போட்டு எழுத வேண்டும். நான் பார்த்த புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் இலச்சினைகள் இருந்தன, கைகுலுக்கும் படம் இருந்தது, அறிவைப் பரிமாறிக்கொள்வோம் என்ற வாக்கியம் இருந்தது. பஞ்சாங்கம் இருந்ததில்லை.

மணிக்கணக்கு எழுதச் சொல்வதை ஆய்வாளர்கள் விரும்புவதில்லை. நியாயம்தான். குளிக்கும்போது தோன்றிய யோசனையை எந்தத் திட்டத்தில் எழுதுவது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கணக்கு வைக்காததால் சுதந்திரமாக இருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு எங்கோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

கடல்நீர் எடுத்த பேராசிரியையின் திட்டம் முடிந்தபோது தணிக்கைக்கு ஆள் வந்தார். வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் வள்ள வாடகை ரசீதில் நின்றார். வள்ளக்காரர் தேதியோடு 'காலை 5 மணி முதல்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல மனிதர், கேட்காமலே நேரம் போட்டவர். தணிக்கையாளர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதே தேதியில் முழு நாள் வருகை. ஓ.டி. பதிவேட்டைக் கேட்டார். பெயர் இல்லை. கடலுக்குப் போனவர் கல்லூரியில் எப்படி இருந்தார், கல்லூரியில் இருந்தவருக்காக வள்ளத்துக்கு ஏன் வாடகை?

"நான் பத்து மணிக்கு கிளாஸ்ல நின்னேன் சார்" என்றார் பேராசிரியை. தணிக்கையாளருக்கு அதில் சந்தேகமில்லை. எழுத்தில் வேண்டும் என்றார்.

எங்கள் கண்காணிப்பாளர் அனுபவசாலி. சாயங்காலம் பேராசிரியையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மேடம், பேசிக்கிட்டிருந்தா முடியாது. கடலுக்குப் போன பதினோரு நாளைக்கும் காலையில அரை நாள் சி.எல். எழுதித் தந்துருங்க. பழைய தேதி போட்டு நான் சேத்துக்கிடுதேன். அப்ஜெக்ஷன் கிளியர் ஆயிரும்."

அவர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்தார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, என்ன எழுத என்று என்னைப் பார்த்தார். 'சொந்த வேலை' என்று போடச் சொன்னேன்.